சொல் சரியா, தவறா? எந்த அகராதியைத் திறப்பது?

வானொலி அறிவிப்பாளர்களுக்கு நேயர்கள் அனுப்பும் செய்திகளில் பாடல் விருப்பத்துக்குத்தான் முதலிடம். இரண்டாம் இடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? என் அனுபவத்தில் அது சொற்களுக்கு. "இந்தச் சொல் சரியா?" என்று கேட்டு வாரத்துக்கு நாலைந்து செய்திகளாவது புலனத்தில் வந்துவிடும். அப்படி வந்த மூன்று கேள்விகளை இங்கே தருகிறேன்.

"செய்தியில் 'சுகாதார அமைச்சு' என்கிறீர்கள். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் 'அமைச்சகம்' என்கிறார்கள். எது சரி?"

"மலாய்க்காரர்கள் சொல்லும் 'கெடாய்' நம்ம 'கடை'தானே?"

"என் மகள் கட்டுரையில் 'காலையில் பசியாறிவிட்டுப் பள்ளிக்குச் சென்றேன்' என்று எழுதினாள். அகராதியில் காலை உணவு என்ற பொருளே இல்லையாம். அப்படியென்றால் அது தவறா?"

மூன்றுமே சொல்லைப் பற்றிய கேள்விகள்தாம். ஆனால் மூன்றுக்கும் ஒரே அகராதியில் விடை கிடைக்காது. முதலாவது ஒரு சொல் எங்கே, எப்படி வழங்குகிறது என்று கேட்கிறது. இரண்டாவது அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. மூன்றாவது கேள்வி, நம் வீட்டுச் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்பது.

ஊடகத் துறையில் பட்டப்படிப்பு படித்தபோது செய்தி எழுதவும் குரலை ஏற்றி இறக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். அகராதி பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு மூத்த அறிவிப்பாளர் ஒருவர்தான் சொன்னார்: "முதல்ல உனக்கு என்ன தெரியணும்னு முடிவு பண்ணும்மா. அப்புறம் புத்தகத்தை எடு." இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியின் விரிவுதான்.

மனப்பாடம் செய்த அகராதிகள்

அகரத்தை ஆதியாகக் கொண்டது அகராதி. இன்று 'அகரமுதலி' என்றும் சொல்கிறோம். ஆனால் தமிழில் அகர வரிசைக்கு முன்பே சொற்களைத் தொகுக்கும் வழக்கம் இருந்தது. அவைதாம் நிகண்டுகள். திவாகரம், பிங்கலந்தை, மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு ஆகியவை பெயர் பெற்றவை. இவை செய்யுள் வடிவில் இருந்தன. மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள் வாரியாகச் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும். மழையைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் ஓரிடத்தில், யானையைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் இன்னோரிடத்தில் கிடைக்கும்.

நிகண்டு விடை சொல்லும் கேள்வி இது: "பொருள் தெரியும், அதற்கு வேறு சொல் வேண்டும்." கவிதை எழுதுகிறவர்களுக்கும் பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கும் இது பொக்கிஷம். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரே வரிசையில் நிற்பதால் எல்லாச் சொல்லையும் எல்லா இடத்திலும் போட்டுவிட முடியாது. 'மாரி'யும் மழைதான். அதற்காக வானிலை அறிவிப்பில் "இன்று மாலை கிள்ளானில் மாரி பெய்யும்" என்று நான் வாசித்தால் நேயர்கள் சிரிப்பார்கள்.

நிகண்டிலிருந்து இன்றைய அகராதிக்கு நாம் வந்த பாதையில் முக்கியமான மைல்கல், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டதால் அந்தப் பெயர்.

கோலாலம்பூரோடு தொடர்புள்ள ஓர் அகராதி

அதற்கும் முன்னதாக, 1679இல், கேரளத்தின் அம்பலக்காட்டில் ஒரு தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சானது. தொகுத்தவர் அந்தாம் தெ புரோயென்சா என்ற போர்த்துகீசியப் பாதிரியார். மக்களோடு பேசிப் பழக வேண்டிய பாதிரிமாருக்காகச் செய்த நூல் அது. அதனால் 17ஆம் நூற்றாண்டில் வழங்கிய சொற்களைப் பார்க்க அது ஒரு சன்னல்.

அந்த நூலின் பிரதி ஒன்று வத்திகன் நூலகத்தில் இருந்தது. அதை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவர் தனிநாயக அடிகளார். 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்தவர் அவர். அவருடைய முயற்சியால் 1966இல் அந்த அகராதி மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபதிப்புக் கண்டது. முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அதே ஆண்டில்தான். தமிழ் அகராதி என்றாலே அது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நடந்த வேலை என்று நினைக்கிறோம். அந்த வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பேரகராதி: பழைய சொல்லுக்கு

"இந்தச் சொல் இலக்கியத்தில் வருகிறது, பொருள் தெரியவில்லை." இதற்குத் திறக்க வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939இல் பின்னிணைப்பும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து நிறைவு செய்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. பொருள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கும். எந்த இலக்கியத்தில் அந்தப் பொருளில் வருகிறது என்ற மேற்கோளும் இருக்கும். இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே தேடலாம். பழைய வின்சுலோ அகராதியும் ஃபப்ரீசியுஸ் அகராதியும்கூட அங்கே கிடைக்கின்றன.

இதைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, வினைச்சொல்லை எப்படித் தேடுவது? 'நின்றாள்' என்று தேடினால் கிடைக்காது. 'நில்' என்று தேட வேண்டும். 'கண்டேன்' என்பதற்குக் 'காண்'. பேரகராதியில் வினைச்சொல்லின் பின்னால் சிறு கோடு போட்டு 'தல்' அல்லது 'த்தல்' என்று இருக்கும். அந்தச் சின்ன 'த்' முக்கியம். 'முடிதல்' தானாக முடிவது, 'முடித்தல்' ஒருவர் முடிப்பது. 'உடைதல்', 'உடைத்தல்' என்பவையும் அப்படியே. மாணவர்களுக்குத் தன்வினை, பிறவினை பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தப் பக்கங்களைக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, ஒரே எழுத்தில் இரண்டு சொல். 'பாவம்' என்று எழுதினால் தீவினையும் உண்டு, நடனத்தில் முகத்தில் காட்டும் உணர்ச்சியும் உண்டு. உச்சரிப்பு வேறு, சொல்லும் வேறு. பேரகராதி இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகத் தந்து, மூலச் சொல்லையும் காட்டும். மூலத்தைப் பார்த்தால் எதை வன்மையாகச் சொல்ல வேண்டும், எதை மென்மையாகச் சொல்ல வேண்டும் என்பது புரிந்துவிடும். ஒலிவாங்கி முன் உட்காருவதற்கு முன் நான் அகராதி பார்ப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

மூன்றாவது, அதன் வயது. 1930களில் முடிந்த அகராதியில் தொலைக்காட்சியையும் கணினியையும் தேடக் கூடாது. இல்லை என்றால் அது சொல்லின் குறையன்று. சொல் பிறப்பதற்கு முன்பே அகராதி அச்சாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்றைய சொல்லுக்கு

"இந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படிப் போடுவது?" என்ற கேள்விக்கு நான் எடுப்பது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் இரண்டாம் பதிப்பு, 2020இல் மூன்றாம் பதிப்பு. இன்று எழுத்திலும் பேச்சிலும் புழங்கும் சொற்களே இதன் களம். பெரும் சிறப்பு, பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் இருப்பது. எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும், எந்த வேற்றுமை உருபு வரும் என்பதை வாக்கியம்தான் காட்டும். ஒரு சொல் உயர்வழக்கா, பேச்சுவழக்கா, வட்டார வழக்கா, அருகிவருகிறதா என்பதற்கும் குறியீடு உண்டு. இலங்கைத் தமிழ்ச் சொற்களும் தனி அடையாளத்தோடு இடம்பெற்றிருக்கின்றன.

தேர்வுக்குக் கட்டுரை எழுதும் மாணவருக்குப் பேரகராதியைவிட இதுதான் உதவும். பேரகராதியில் ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருக்கும். அதில் எட்டு இன்று வழக்கில் இருக்காது. அந்த எட்டில் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு "அகராதியில் இருக்கு டீச்சர்" என்று மாணவர் சொன்னால், அகராதியும் சரி, மாணவரும் சரி, வாக்கியம் மட்டும் நிற்காது.

அமைச்சு, அமைச்சகம் விவகாரத்துக்கும் இங்கே விடை சொல்லிவிடுகிறேன். 'அமைச்சு' பழைய சொல். திருக்குறளின் 64ஆம் அதிகாரத்தின் தலைப்பே அதுதான். தமிழ்நாட்டில் 'அமைச்சகம்' என்று வழங்குகிறார்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மூன்றிலும் 'அமைச்சு' என்பதே நிலைத்துவிட்டது. இரண்டும் சரி. இங்குள்ளவர்களுக்கு எழுதும்போதும் பேசும்போதும் 'அமைச்சு' என்பதே பொருத்தம். சொல் சரியா என்ற கேள்வியோடு, யாருக்காகச் சொல்கிறோம் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வேர் தேடுகிறவர்களுக்கு

சொற்பிறப்பு பற்றிய கேள்வி வந்தால் நேயர்களிடையே சூடு பிறந்துவிடும். 'கெடாய்' என்பது 'கடை'யிலிருந்து வந்ததுதான். 'காப்பால்' நம் கப்பல், 'காத்தில்' நம் கட்டில், 'மோடால்' நம் முதல். இவற்றில் பெரிய தகராறு இல்லை. நாமும் சும்மா இருக்கவில்லை. மலாயின் 'கெதா'வை வாங்கிக் 'கித்தா' ஆக்கி, தோட்டத்துக்கே 'கித்தாத் தோட்டம்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 'பஹாசா', 'பூமி', 'குரு', 'சுவாமி' ஆகியவை மலாயிலும் உண்டு, தமிழிலும் நமக்குப் பழக்கம். ஆனால் இவற்றின் மூலம் வடமொழி. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரித் தட்டு இருந்தால் ஒரு வீட்டார் மற்றவரிடம் வாங்கினார்கள் என்று அர்த்தமில்லை. இருவரும் ஒரே கடையில் வாங்கியிருக்கலாம்.

இதற்கென்று தனி அகராதிகள் உண்டு. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வந்தது; திருத்திய பதிப்பு 1984இல். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு முதலிய உறவு மொழிகளில் என்ன இணை என்று அது அடுக்கிக் காட்டும். தேவநேயப் பாவாணர் தலைமையில் 1974இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இன்னொன்று. வடமொழி என்று சென்னைப் பேரகராதி காட்டிய பல சொற்களுக்குத் தமிழ் வேர் காட்ட முனைந்தவர் பாவாணர். எனவே ஒரே சொல்லுக்கு இரண்டு நூல்களில் இரண்டு விடை கிடைக்கலாம். இரண்டையும் படியுங்கள். யார் என்ன சான்று தருகிறார் என்று பாருங்கள். ஒன்றை மட்டும் படம் பிடித்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டுச் சண்டையைத் தொடங்காதீர்கள்.

இரு மொழிக்கு நடுவே

நம் நாட்டில் தமிழர்களுக்கு மூன்று மொழி அன்றாடம். ஆதலால் இருமொழி அகராதிதான் நாம் அதிகம் புரட்டுவது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வர, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் துணை.

இங்கே நடக்கும் பெரிய விபத்து, முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவது. 'இஷ்யூ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வெளியீடு, இதழ், பிரச்சினை, சந்ததி என்று பல பொருள். ஒரு சொத்து வழக்குச் செய்தியில் 'இஷ்யூ இல்லாமல் இறந்தார்' என்று வந்தால், அவர் பிள்ளையில்லாமல் இறந்தார் என்று பொருள். பிரச்சினையில்லாமல் இறந்தார் என்று வாசித்தால் என்ன ஆகும்! இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல்லைத் திரும்பத் தமிழ் அகராதியில் பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியம் உங்கள் வாக்கியத்தோடு ஒத்துப்போகிறதா? போனால் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசிச் செயலியோ மொழிபெயர்ப்பு இயந்திரமோ தரும் சொல்லுக்கும் இதே சோதனை பொருந்தும்.

மலாய் அகராதிக்கு வேறொரு சாவி வேண்டும். டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1970இல் முதலில் வெளியிட்ட காமுஸ் டேவான் வேர்ச்சொல் அடிப்படையில் அமைந்தது. 'கெசிஹாத்தான்' என்பதைக் 'கெ' வரிசையில் தேடினால் கிடைக்காது. 'சிஹாட்' என்ற வேரின் கீழ் இருக்கும். 'பெம்பெலாஜாரான்' என்பதற்கு 'ஆஜார்'. சில சொற்களில் முன்னொட்டுச் சேரும்போது வேரின் முதல் எழுத்தே மறைந்துவிடும்: 'மெனுலிஸ்' என்பதன் வேர் 'துலிஸ்'. 'நின்றாள்' என்பதற்கு 'நில்' தேடிய அதே பழக்கம்தான் இது. பிள்ளைகளுக்கு ஒரு மொழியில் பழக்கினால் மறு மொழிக்கும் கை கொடுக்கும். இப்போது அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடும் வசதியும் உண்டு. ஆயினும் வேரைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அச்சுப் புத்தகத்தில்தான் வரும்.

நம் சொற்கள் எங்கே?

இனி மூன்றாவது கேள்வி. 'பசியாறுதல்' என்பதற்கு அகராதி தரும் பொருள் பசி தணிதல். நம் நாட்டில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் காலையில் இட்லியோ ரொட்டி சானாயோ சாப்பிட்டாயிற்றா என்று பொருள். பொதுப் பொருள் சுருங்கிக் காலைச் சாப்பாட்டுக்கு உரியதாகிவிட்டது. மொழியில் இது இயல்பாக நடப்பது. பல தலைமுறையாக இங்கே பேசுகிறோம், எழுதுகிறோம். நம் நாட்டுப் பிள்ளை நம் நாட்டு வாசகருக்கு எழுதும் கட்டுரையில் அது தவறே இல்லை. சென்னை இதழுக்கு எழுதினால் 'காலை உணவு' என்று போட்டுக்கொள்ளட்டும்.

அகராதி என்பது சட்டப் புத்தகமன்று. யாரோ சிலர், ஏதோ ஒரு காலத்தில், தங்கள் காதுக்கும் கண்ணுக்கும் எட்டிய சொற்களைப் பதிவு செய்த கணக்கு. அந்தக் காது நம் தோட்டங்கள் வரை வந்ததா என்பதுதான் கேள்வி.

பேரகராதியில் 'வெள்ளி' என்று பாருங்கள். உலோகம், கோள், கிழமை எல்லாம் இருக்கும். நாம் பத்து வெள்ளிக்கு நாசி லெமாக் வாங்குகிறோம். 'பால்மரம்' என்றால் பொதுத் தமிழில் பால் வடியும் எந்த மரமும். நமக்கு ரப்பர் மரம் ஒன்றுதான். "மரம் வெட்டப் போனேன்" என்று ஒரு பாட்டி சொன்னால் அவர் மரத்தைச் சாய்க்கப் போகவில்லை, பால் எடுக்கப் போயிருக்கிறார். மரங்களின் வரிசையைத் தோட்டத்தில் 'நிரை' என்பார்கள். சங்க இலக்கியத்தில் பசுக்கூட்டத்தை 'ஆநிரை' என்றார்களே, அதே நிரைதான். புலவர்கள் புழங்கிய சொல்லை, எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் விடியற்காலை இருட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு உயிரோடு வைத்திருந்தார்கள்.

பெரட்டு, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை, லயம், கிராணி, தண்டல் என்று பட்டியல் நீளும். இச்சொற்களைச் சொல்லி வாழ்ந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அடுத்த தலைமுறை அடுக்குமாடி வீட்டில் வளர்கிறது. பத்து ஆண்டுகள் கழித்துத் தேட நினைத்தால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை அரசுக்காகக் காத்திராமல் எழுத்தாளர்களே செய்தார்கள். கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் சொற்களுக்கு வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு, கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கு. மூவரும் தங்கள் ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியவர்கள். நம் தோட்டத் தமிழுக்கும் அந்தக் காது வேண்டும்.

நாமே எழுதலாம்

அதற்குப் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து செய்திகள்: சொல், பொருள், அது வரும் ஒரு வாக்கியம், சொன்னவர் யார், எந்த ஊர். வாக்கியத்தை மட்டும் திருத்தாமல், அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு பதிவு:

பெரட்டு: விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது. "பெரட்டுக்குப் பிந்திப் போனா அன்னைக்கு வேலை இல்லைம்பாங்க." சொன்னவர்: பாட்டி. பேராக், ரப்பர்த் தோட்டம்.

கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது. உச்சரிப்பும் சேர்ந்து நிற்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு இதை ஒரு பணியாகக் கொடுக்கலாம். ஆளுக்கு ஐந்து சொல் என்றால் முப்பது பேர் உள்ள வகுப்பில் 150 சொல். அவற்றை அகர வரிசையில் அடுக்க வைத்தால், அகராதி எப்படி உருவாகிறது என்ற பாடமும் அதிலேயே அடங்கிவிடும்.

அடுத்த முறை ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், உங்களுக்குத் தெரிய வேண்டியது பழைய பொருளா, இன்றைய பயன்பாடா, வேரா, வேற்றுமொழி இணையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அதற்குரிய அகராதியைத் திறங்கள். முன்பக்கத்தில் இருக்கும் குறியீட்டு விளக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். புள்ளி வைத்த எழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதை 'அக்கா'வையும் 'அகல'த்தையும் தேடிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எல்லா இடத்திலும் தேடியும் கிடைக்கவில்லை, ஆனால் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அது இருக்கிறது என்றால், நோட்டைத் திறந்து நீங்களே எழுதிவிடுங்கள்.